வீடு மாறியபோது செத்துப்போன கடல்நீர்த் தொட்டி: அதே மணல், பாறையோடு மறுபடி தொடங்கலாமா?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், பின்னால் படிப்பவர்களுக்கும் உதவும். வேளச்சேரியில் நான்கு வருடமாக நன்றாக ஓடிய 200 லிட்டர் ரீஃப் தொட்டி (பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி) உங்களுடையது. மே மாதம் பெருங்களத்தூரில் வேறு வாடகை வீட்டுக்குப் போனீர்கள். மீன், இறால், அனிமோன் (பூ மாதிரி விரியும் கடல் உயிர்) எல்லாவற்றையும் ஒரே ஐஸ் பெட்டியில் போட்டீர்கள். பாறைகளை ஈரத் துணியில் சுற்றினீர்கள். நான்கு அங்குல மணலைத் தொட்டியிலேயே விட்டு, பேக்கர்ஸ் ஆட்கள் அப்படியே தூக்கி வந்தார்கள். மணலுக்குள் கறுப்புத் திட்டுகளைப் பார்த்ததாகவும், அழுகிய முட்டை நாற்றம் அடித்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். பாதி பழைய தண்ணீர், பாதி அன்று இரவே உப்புக் கலந்த புதுத் தண்ணீர். மறுநாள் காலை இறாலும் நத்தையும் போயின, தண்ணீர் வெள்ளையாகக் கலங்கியது. அதற்கடுத்த நாள் மீன்கள் மேலே வந்து மூச்சுக்குத் திணறின. ஐந்தாம் நாள் ஒரே ஒரு க்ளவுன் மீன் மிச்சம். கடையில் தண்ணீரைச் சோதித்துவிட்டு எல்லாம் சரியாக இருக்கிறது என்றார்கள். மனைவி புதுப் பெயிண்டைச் சந்தேகப்படுகிறார், அம்மா பால் காய்ச்சிய அன்று போட்ட சாம்பிராணிப் புகையைச் சொல்கிறார். எதனால் செத்தன, பழைய மணலும் பாறையும் மறுபடி உதவுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில் "இனி நான் இதைத் தொடவே கூடாதோ" என்று எழுதியதுதான் உண்மையான கேள்வி என்று நினைக்கிறேன். மூன்றுக்கும் பதில் சொல்கிறேன்.

நான் கடல் உயிரியல் படித்தவன். படிப்பு முடிந்ததிலிருந்து சென்னையில் வீடுகளிலும் அலுவலகங்களிலும் கடல்நீர்த் தொட்டிகளை அமைத்துப் பராமரிப்பதுதான் என் வேலை. வீடு மாறுகிறவர்களுக்குத் தொட்டியை இடம் மாற்றிக் கொடுப்பதும் அதில் அடக்கம். உங்கள் தொட்டியை நான் நேரில் பார்க்கவில்லை, நீங்கள் எழுதியதை வைத்துத்தான் பேசுகிறேன். அதனால் உறுதியாகச் சொல்லக்கூடியதையும் ஊகத்தையும் பிரித்தே சொல்கிறேன்.

உறுதியானது இது: முதல் காரணம் மணல். நான்கு அங்குல மணலில் மேல் அரை அங்குலம் வரைதான் ஆக்சிஜன் ஓரளவு இறங்கும். அதற்குக் கீழே ஆக்சிஜன் இல்லாமலே வாழும் பாக்டீரியாக்கள் இருக்கின்றன. நான்கு வருடமாக மீன் சாப்பிடாமல் விட்ட தீனி, கழிவு, செத்த புழுக்கள் எல்லாம் அங்கே போய்ச் சேர்ந்திருக்கும். தொட்டி ஆடாமல் அசையாமல் இருக்கும்வரை இதனால் தொல்லை இல்லை, சொல்லப்போனால் நைட்ரேட்டைக் குறைத்து உதவவும் செய்யும். நீங்கள் பார்த்த கறுப்பு இரும்பு சல்ஃபைடு, அந்த நாற்றம் ஹைட்ரஜன் சல்ஃபைடு. வேனில் குலுங்கி வந்தபோது இந்த அடுக்குகள் தலைகீழாகப் புரண்டன. அந்த மணலின் மேலேயே தண்ணீரை ஊற்றியதும், நான்கு வருடக் கழிவும் ஒரே இரவில் தண்ணீரில் கலந்துவிட்டது.

இதில் ஒரு விஷயம் ஊகம்தான். அந்த மணலிலிருந்து வந்த எது கொன்றது? பலரும் ஹைட்ரஜன் சல்ஃபைடு என்பார்கள். அது கொடிய விஷம் என்பதில் சந்தேகம் இல்லை. ஆனால் காற்றோட்டமுள்ள கடல்நீரில் அது வேகமாக ஆக்சிஜனோடு சேர்ந்து மாறிவிடும். பி.எச். (அமில, காரத்தன்மையின் அளவு) 8.2 இருக்கும் தண்ணீரில் அதன் பெரும்பகுதி அவ்வளவு விஷமில்லாத வடிவத்தில்தான் இருக்கும். அதனால் நாள்கணக்கில் நீண்ட இந்தச் சாவுகளுக்கு அம்மோனியாவும் ஆக்சிஜன் பற்றாக்குறையும்தான் பெரிய காரணம் என்பது என் கணிப்பு. தண்ணீர் வெள்ளையாகக் கலங்கியதாகச் சொன்னீர்கள் அல்லவா, அது கழிவைத் தின்று பெருகிய பாக்டீரியா. அவையும் மூச்சு விடுகின்றன. 27 டிகிரியில் நன்னீர் லிட்டருக்கு சுமார் 8 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்ளும். கடல்நீரால் அதே வெப்பத்தில் ஆறரை மில்லிகிராம் அளவுதான் முடியும். மே மாதத்தில், தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் இன்னும் மாட்டாத வீட்டில், அது இன்னும் குறையும். மீன்கள் மேலே வந்து திணறியது அதனால்தான்.

இன்னொரு உறுதியான காரணம் பாறைகள். கடல்நீர்த் தொட்டியில் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகிற பாக்டீரியாக்கள் தண்ணீரில் மிதப்பது மிகக் குறைவு. பாறையின் துளைகளிலும் மணல் துகள்களிலும் ஒட்டிக்கொண்டுதான் வாழ்கின்றன. பழைய தண்ணீரைப் பத்திரமாகக் கொண்டு வந்தால் தொட்டி அப்படியே வந்துவிடும் என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். தண்ணீரில் அந்த அளவுக்கு ஒன்றும் இல்லை. ஈரத் துணியில் சுற்றியதால் பாக்டீரியாக்களுக்குப் பெரிய சேதம் வந்திருக்காது. ஆனால் பாறைக்குள் இருக்கும் பஞ்சுயிர்களில் பல, சிறிது நேரம் காற்றுப் பட்டாலே சாகத் தொடங்கும். எட்டு மணி நேரம் மே மாத வெயிலில் வேனுக்குள் இருந்திருக்கின்றன. வெளியே நன்றாகத் தெரிந்த பாறைக்கு உள்ளே அழுகல் ஆரம்பித்திருக்கும், அதுவும் அம்மோனியாவாகத்தான் வெளியே வரும். அதைச் சமாளிக்க வேண்டிய பாக்டீரியாக்களோ பழைய அளவு வேலைக்குத்தான் இருந்தன.

ஐஸ் பெட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். மூடிய பெட்டியில் மீன்கள் விடும் கார்பன் டை ஆக்சைடு சேர்ந்து பி.எச். இறங்கும். அது ஒருவகையில் நல்லது, ஏனென்றால் பி.எச். குறைந்தால் அம்மோனியாவின் பெரும்பகுதி அதிகம் கெடுதல் செய்யாத அம்மோனியமாக இருக்கும். பி.எச். 8.2-இல் மொத்தத்தில் சுமார் 7 சதவீதம் விஷ வடிவில் இருக்கும், 7.2-இல் அது ஒரு சதவீதத்துக்கும் கீழே. அப்புறம் பெட்டியைத் திறந்து ஏர் பம்ப் போட்டதும் கார்பன் டை ஆக்சைடு வெளியேறும், பி.எச். ஏறும், அதே அம்மோனியா சில நிமிடங்களில் பல மடங்கு விஷமாகிவிடும். வழியெல்லாம் நன்றாக இருந்த மீன் வீட்டுக்கு வந்து திறந்ததும் தவிப்பது இதனால்தான். அனிமோனையும் அதே பெட்டியில் போட்டது நிலைமையை மோசமாக்கியிருக்கும். பயந்த அனிமோன் உள்ளே இருக்கும் தண்ணீரையும் கழிவையும் கக்கும், செத்தால் சில மணி நேரத்தில் கரைய ஆரம்பிக்கும். அது தனி வாளியில்தான் வர வேண்டும்.

கடையில் சரி என்று சொன்னது எப்படி? பெரும்பாலான கடைகளில் இருக்கும் பட்டைச் சோதனையில் நைட்ரேட், நைட்ரைட், பி.எச்., கடினத்தன்மை எல்லாம் இருக்கும், பலவற்றில் அம்மோனியாவே இருக்காது. நீங்கள் போனதும் ஐந்தாம் நாள். அம்மோனியாவுக்கென்று தனியாகத் திரவம் ஊற்றிப் பார்க்கும் கிட் ஒன்றை வாங்கி வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பொழுதுபோக்கில் செலவழிக்கிற பணத்தில் இவ்வளவு பயன் தருவது வேறு எதுவும் இல்லை.

இப்போது சந்தேகங்களுக்கு வருகிறேன். சாம்பிராணிப் புகை ஒரு தொட்டியைக் காலி செய்யும் என்று நான் நம்பவில்லை. நுரையோடு கழிவைப் பிரிக்கும் ஸ்கிம்மரும் ஏர் பம்பும் அறைக் காற்றைத்தான் உறிஞ்சித் தண்ணீரில் கலக்கின்றன, அதனால் புகை போடும் நேரத்தில் அவற்றின் காற்றுக் குழாயை ஜன்னலுக்கு வெளியே விடுவது நல்ல பழக்கம். அம்மாவிடம் அவர்மேல் தவறில்லை என்று தயவுசெய்து சொல்லிவிடுங்கள், அது அவர் மனதில் கிடக்கக் கூடாது. பெயிண்ட் காய்ந்து சில நாட்கள் ஆகி, ஜன்னல்கள் திறந்திருந்தால் அதுவும் பெரிய காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு. ஆனால் நீங்கள் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: வீட்டுக்காரர் முந்தின வாரம் பெஸ்ட் கன்ட்ரோல் செய்து கொடுத்தார் என்று. பெயிண்டையும் புகையையும் விட என்னை யோசிக்க வைப்பது இதுதான். கரப்பானுக்கு மூலைகளில் வைக்கும் ஜெல் என்றால் கவலை இல்லை. தெளிக்கும் மருந்து என்றால் அதில் சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின், பைஃபென்த்ரின் மாதிரி பைரெத்ராய்டு வகை இருக்கலாம். மனிதர்களுக்குக் குறைவான கெடுதல், மீனுக்கும் இறாலுக்கும் மிகச் சிறிய அளவே போதும். தரையைத் தொட்ட கையைத் தொட்டிக்குள் விட்டாலோ, தரையில் கிடந்த குழாயை அப்படியே மாட்டினாலோ போய்ச் சேரும்.

இறால்கள் முதலில் செத்தது இந்தச் சந்தேகத்துக்குப் பொருந்துகிறது, பூச்சி மருந்து முதலில் தாக்குவது இறால், நண்டு வகைகளைத்தான். ஆனால் முதுகெலும்பில்லாத உயிர்கள் மோசமான தண்ணீரையும், உப்பளவு சட்டென்று மாறுவதையும் கூடத் தாங்காது. அதனால் இறால் செத்த வரிசையை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. நாற்றமும் வெள்ளைக் கலங்கலும் மணல் பக்கம்தான் கை காட்டுகின்றன. பூச்சி மருந்தும் கூடச் சேர்ந்திருக்கலாம், இல்லை என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. எப்படியும் இரண்டுக்கும் சேர்த்தே வைத்தியம் செய்யலாம்.

முதலில் அந்த ஒற்றை க்ளவுன் மீன். டேம்சல் குடும்பத்து மீன், உறுதியானது, அதனால்தான் தப்பியது. அதை அந்தத் தொட்டியிலேயே விட்டு வைக்காதீர்கள். நாற்பது, ஐம்பது லிட்டர் பிளாஸ்டிக் டப்பா ஒன்று, அதில் புதிதாகக் கலந்து ஒரு நாள் முழுக்க ஏர் பம்ப் ஓடிய உப்புத் தண்ணீர், ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஒளிந்துகொள்ள ஒரு பிவிசி குழாய்த் துண்டு போதும். ஒரு நாள் காத்திருக்க முடியாத நிலை என்றால் சில மணி நேரமாவது நன்றாகச் சுழல விடுங்கள். டப்பாத் தண்ணீரின் உப்பளவை இப்போது மீன் இருக்கும் தண்ணீரின் அளவுக்கே கலந்துகொள்ளுங்கள், பிறகு சில நாட்களில் மெதுவாக ஒப்படர்த்தி 1.025, 1.026-க்குக் கொண்டு வரலாம். ஒரு நாள் விட்டு ஒரு நாள் சிட்டிகை தீனி. தினமும் அம்மோனியா பார்த்து, தெரிந்தால் அன்றே பாதித் தண்ணீரை மாற்றுங்கள். அம்மோனியாவைக் கட்டிப்போடும் என்று விற்கும் திரவங்கள் கடல்நீரில் எவ்வளவு வேலை செய்கின்றன என்பதில் அனுபவசாலிகளுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. கையில் இருந்தால் ஊற்றுங்கள், ஆனால் அதை நம்பித் தண்ணீர் மாற்றாமல் இருக்காதீர்கள்.

மணலை முழுக்க வெளியே எடுத்துப் போட்டுவிடுங்கள். கழுவி மறுபடி போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். தெளிந்த தண்ணீர் வரும்வரை வாளி வாளியாகக் கழுவினால் போடலாம்தான், ஆனால் அவ்வளவு கழுவிய பிறகு அதில் காப்பாற்ற வேண்டிய உயிர் எதுவும் மிச்சம் இருக்காது. பூச்சி மருந்துச் சந்தேகமும் இருப்பதால், இந்த மணலை நான் திரும்பப் பயன்படுத்த மாட்டேன்.

பாறைகளைத் தூக்கிப் போட வேண்டாம். ஒவ்வொன்றாக முகர்ந்து பாருங்கள். கடல் வாசனை வந்தால் நல்லது, அழுகல் வாசனை வந்தால் உள்ளே இன்னும் செத்தவை இருக்கின்றன. உப்புத் தண்ணீர் வாளியில் முக்கி நன்றாக உலுக்கிவிட்டு, மூடியுள்ள பெரிய டப்பாவில், இருட்டில், தண்ணீரைச் சுழற்றும் வேவ்மேக்கர் ஒன்றும் ஆக்டிவேட்டட் கார்பனும் போட்டு வையுங்கள். வாரம் ஒரு முறை அடியில் சேரும் தூசியை உறிஞ்சி எடுத்துத் தண்ணீரை மாற்றுங்கள். அம்மோனியா தானாகப் பூஜ்ஜியத்துக்கு வந்து அப்படியே நிற்கும்வரை பொறுமையாக விடுங்கள். சில வாரங்கள் ஆகும், பெரிய பாறை என்றால் இரண்டு மாதம்கூட ஆகலாம். பூச்சி மருந்து ஏதும் இருந்திருந்தால் அதையும் கார்பனும் தண்ணீர் மாற்றமும் பெருமளவு எடுத்துவிடும். கடைசியில் ஒரு சின்ன நத்தையையோ நண்டையோ விட்டுப் பார்த்துவிட்டுத்தான் பாறையைத் தொட்டிக்குக் கொண்டு போக வேண்டும்.

ஒரு விஷயத்தை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். சுத்தம் செய்வதற்காக அந்தப் பாறைகளைக் கொதிக்க வைக்காதீர்கள். உங்களிடம் ஸோஆன்திட் (பாறையில் கூட்டமாக ஒட்டி வளரும், பவளத்துக்கு உறவான உயிர்) இருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அந்தக் குடும்பத்தில் சிலவற்றில், முக்கியமாக பாலிதோவா வகையில், பாலிடாக்சின் என்ற விஷம் இருக்கிறது. உயிரினங்களிலிருந்து கிடைத்த விஷங்களில் மிகக் கொடியவற்றில் ஒன்று. பாறையைக் கொதிக்க வைத்தாலோ, வெந்நீரை அடித்துப் பீய்ச்சினாலோ அது ஆவியோடு அறை முழுக்கப் பரவும். வெளிநாடுகளில் இப்படிக் குடும்பமே மருத்துவமனையில் சேர்ந்த சம்பவங்கள் பதிவாகியிருக்கின்றன. காய்ச்சல், மூச்சுத் திணறல், நெஞ்சு வலி எல்லாம் வரும். செத்துப்போன ஸோஆன்திட்டையும் வெறுங்கையால் சுரண்டாதீர்கள், ப்ரஷ் போட்டுத் தேய்த்துத் தெறிக்க விடாதீர்கள். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். குழந்தைகள் பக்கத்தில் இருக்க வேண்டாம்.

பாறை போதவில்லை என்று புதிதாக வாங்க நினைத்தால் சட்டத்தைத் தெரிந்துகொண்டு போங்கள். கல்லாக வளரும் பவளங்கள் அனைத்தும், கடல் விசிறி, கறுப்புப் பவளம், நெருப்புப் பவளம் எல்லாம் 2001-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டவை. புலிக்கு இருக்கும் பாதுகாப்பு அவற்றுக்கும் உண்டு. கடல் குதிரையும் கடல் அட்டையும்கூட இதே சட்டத்தின் பாதுகாப்பில் இருப்பவை. உயிருள்ளது மட்டும் இல்லை, செத்த பவளக் கல்லை விற்பதும் வாங்குவதும்கூடக் குற்றம். மன்னார் வளைகுடாவிலிருந்து வந்த லைவ் ராக் (உயிர்கள் ஒட்டியிருக்கும் பாறை) என்று யாராவது ரகசியமாகக் கொடுத்தால் வாங்காதீர்கள். அந்த 21 தீவுகளைச் சுற்றியுள்ள பவளம் முன்பு சுண்ணாம்புக்காக வெட்டியெடுக்கப்பட்டு, பிறகு 1998, 2010, 2016 என்று கடல் சூடாகி வெளுத்து, இப்போது மிச்சம் இருப்பதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. நம் வீட்டுத் தொட்டிக்காக அதிலிருந்து ஒரு கல்லைக்கூட எடுப்பதை நான் மன்னிக்க மாட்டேன். பீங்கானிலோ சிமென்ட் கலவையிலோ செய்த செயற்கைப் பாறை கிடைக்கிறது, அது போதும். உங்கள் பழைய பாறைகளில் இரண்டு கையளவுத் துண்டுகளை அதற்கு நடுவில் வைத்தால், பாலுக்கு உறை ஊற்றுவது மாதிரி, பாக்டீரியா தானே பரவும். வெளிநாட்டிலிருந்து வந்தது என்று சொல்லி விற்கும் பவளத்துக்கும் காகிதம் கேளுங்கள், காகிதம் இல்லாவிட்டால் வேண்டாம் என்று வந்துவிடுங்கள். மீனிலும் தொட்டியில் பிறந்து வளர்ந்த க்ளவுன்களையே வாங்குங்கள். மண்டபத்தில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனம் இவற்றைக் குஞ்சு பொரிக்க வைத்து வளர்க்கும் முறையை உருவாக்கியிருக்கிறது, கடலிலிருந்து பிடிக்க வேண்டிய தேவையே இல்லை.

தொட்டியையும் ஒரு முறை சந்தேகக் கண்ணோடு பாருங்கள். மணலும் தண்ணீருமாகத் தூக்கியதில் கண்ணாடி ஒட்டிய சிலிகான் இழுபட்டிருக்கலாம். காலி செய்து, சமதளத்தில் வைத்து, சாதாரணத் தண்ணீரால் நிரப்பி இரண்டு மூன்று நாள் கசிகிறதா என்று பாருங்கள். ஸ்டாண்ட், பாறை, சம்ப் (கீழே வைக்கும் ஃபில்டர் தொட்டி) எல்லாம் சேர்ந்தால் முந்நூறு கிலோவுக்கு மேல் வரும். அதனால் அறையின் நடுவில் வைக்காமல் சுவரோரமாக, பீம் இருக்கும் பக்கமாக வையுங்கள். வெளியே நீட்டிய பால்கனியில் வைக்கவே வேண்டாம். ப்ளக் பாயிண்டில் கரண்ட் கசிந்தால் தானே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்பதையும் வீட்டுக்காரரிடம் கேட்டுவிடுங்கள், உப்புத் தண்ணீரும் கரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கப் போகின்றன.

மறுபடி தொடங்குவதை அவசரப்படுத்த முடியாது. கேன் தண்ணீர் போதுமா என்று பலர் கேட்பார்கள். கரைந்த உப்புகளை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் வைத்துப் பாருங்கள், சில கம்பெனிகள் சுவைக்காகத் தாது உப்புகளைச் சேர்க்கின்றன. பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் காட்டும் ஆர்.ஓ. டி.ஐ. (கரைந்த உப்புகளை நீக்கிய) தண்ணீர்தான் நிம்மதி. பாறைகளை வைத்து, தண்ணீரை ஓட விட்டு, அம்மோனியம் குளோரைடு கரைசலால் அம்மோனியாவை 2 பிபிஎம் (லிட்டருக்குச் சுமார் 2 மில்லிகிராம்) அளவுக்குக் கொண்டு வாருங்கள். அது 24 மணி நேரத்தில் முழுக்க மறையும் நாள்தான் தொட்டி மீனுக்குத் தயாரான நாள். எதுவும் இல்லாமல் தொடங்கினால் வழக்கமாக நான்கிலிருந்து ஆறு வாரம், உங்கள் பாறைகளில் உயிர் மிச்சம் இருந்தால் அதைவிடச் சீக்கிரம். பாட்டிலில் விற்கும் பாக்டீரியா வேலை செய்யுமா என்றால், சிலது நன்றாகவே செய்கிறது. ஆனால் குளிர்ச்சியாக வைக்க வேண்டிய பாட்டில், நம் ஊர் மே மாதத்தில் கூரியர் வேனில் இரண்டு நாள் கிடந்து வந்தால் உள்ளே எவ்வளவு உயிரோடு இருக்கும் என்பது எனக்குச் சந்தேகம்தான். கெடுதல் இல்லை, காத்திருப்பதற்குப் பதிலாக அதை நினைக்க வேண்டாம்.

அதன்பிறகு வருவது பலரையும் மனம் உடைய வைக்கும் கட்டம். முதலில் பழுப்புத் தூள் மாதிரி டயாட்டம் என்ற நுண்பாசி படியும், பிறகு பச்சைப் பாசி, சில தொட்டிகளில் குமிழிகளோடு கோழையாகத் தொங்கும் டைனோஃப்ளாஜெல்லேட் (சுருக்கமாக டைனோ) என்ற நுண்ணுயிர். ஒரு முறை எல்லாம் போன பிறகு இதைப் பார்த்தால் மறுபடி போச்சு என்று தோன்றும். இல்லை. புதிய பரப்பில் யார் இடம் பிடிப்பது என்ற போட்டிதான் இது, மாதக்கணக்கில் அடங்கும். இந்த நேரத்தில் பாசிக்குப் பயந்து நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் சுத்தமாகப் பூஜ்ஜியமாக்குவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தவறு. சத்தே இல்லாத தண்ணீரில் போட்டியாளர்கள் பட்டினி கிடக்க, டைனோ செழிக்கும். நைட்ரேட் 5, 10 பிபிஎம், பாஸ்பேட் 0.05 பக்கம் இருந்தால் பயப்படத் தேவையில்லை. நத்தைகள் முதலில், பிறகு உங்கள் க்ளவுன், பிறகு சில வாரங்கள் இடைவெளி விட்டு ஒவ்வொரு மீன். காளான் பவளம் மாதிரி தாங்கக்கூடியவை அதன்பின். அனிமோனுக்கு ஒரு வருடமாவது காத்திருங்கள், தண்ணீர் ஒரே சீராக இருந்தால்தான் அது பிழைக்கும்.

இனி இதைத் தொடலாமா என்ற கேள்விக்கு. நான்கு வருடம் அனிமோன் உட்பட எல்லாம் உயிரோடு இருந்த தொட்டி உங்களுடையது. பராமரிக்கத் தெரியாதவர் வீட்டில் அது நடக்காது. உங்களுக்குத் தெரியாமல் போனது இடம் மாற்றும் வேலை, அது தனி வேலை. ஆனால் நீங்கள் வாடகை வீட்டில், பதினோரு மாத ஒப்பந்தத்தில் இருக்கிறீர்கள். அடுத்த மாற்றம் வரும் என்பது தெரிந்த விஷயம். அதனால் அடுத்த தொட்டியை, இடம் மாறப் போகும் தொட்டியாகவே கட்டுங்கள். இதுதான் நான் சொல்ல வந்ததில் முக்கியமானது. 200 லிட்டருக்குப் பதில் 100, 120 லிட்டர். மணல் வேண்டாம், அல்லது எளிதாக உறிஞ்சிச் சுத்தம் செய்யும் அளவுக்கு அரை அங்குலம் மட்டும். பாறைகளை ஒரே மலையாக ஒட்டாமல், ஒருவர் தூக்கி டப்பாவில் இறக்கும் அளவுத் துண்டுகளாக. சர்ஜன் மீன் மாதிரி நீந்த இடம் கேட்கும் மீனை இந்த அளவுத் தொட்டியில் வைக்க வேண்டாம்.

இடம் மாறும் நாள் வந்தால், மணல் இருந்தால் அதைப் புதியதாக வாங்கிக்கொள்ளலாம் என்று முடிவு செய்துவிடுங்கள். முந்தின நாளே புது வீட்டில் பாதிக்கு மேல் உப்புத் தண்ணீர் கலந்து, பம்ப் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். மீன்களுக்கு ஒரு நாள் முன்பிருந்தே தீனி வேண்டாம். காலையில் முதலில் நல்ல தண்ணீரை டப்பாக்களில் எடுத்துக்கொண்டு, பாறைகளைத் தண்ணீருக்குள் மூழ்கும்படி வையுங்கள், துணியில் சுற்ற வேண்டாம். பாறை போன பிறகு மீனைப் பிடிப்பது எளிது, அதனால் மீன் கடைசி. அனிமோன் தனி. ஒவ்வொரு டப்பாவுக்கும் பேட்டரி ஏர் பம்ப். சாமான் வண்டியில் போடாமல் ஏசி காரில், வெயில் ஏறுவதற்கு முன். புது வீட்டில் ஒன்பது மணிக்குள் தொட்டி நின்று, உப்பளவும் வெப்பமும் சரியான பிறகுதான் சோபாவுக்கும் ஃப்ரிட்ஜுக்கும் முறை. அடுத்த இரண்டு வாரம் அதைப் புதுத் தொட்டியாகவே நினைத்து தினமும் அம்மோனியா பாருங்கள்.

இன்னும் இரண்டு தகவல் கொடுத்தால் ஊகத்தைக் குறைத்துச் சொல்ல முடியும். பெஸ்ட் கன்ட்ரோல் ரசீதில் மருந்தின் பெயர் இருக்கும், வீட்டுக்காரரிடம் கேட்டு எழுதுங்கள். அப்புறம், இப்போது தொட்டியில் இருக்கும் தண்ணீரின் அம்மோனியா அளவு, தனிக் கிட்டில் பார்த்தது. அதுவரை காத்திருக்காமல் இன்றைக்கே செய்ய வேண்டியது ஒன்றுதான்: க்ளவுனுக்கு டப்பாவைத் தயார் செய்து அதை அங்கே மாற்றுங்கள். மணலை நாளைக்கு எடுத்துக்கொள்ளலாம், மீன் வெளியே வருவதற்கு முன்னால் அதைக் கிளறாதீர்கள்.